தரையை உயர்த்த மாட்டேன்

தாராவியில் எங்கள் சந்து ரோடு வளர்ந்துகொண்டே இருக்கும். பழையதைப் பெயர்க்காமல் அதன் தலையிலேயே புதுக் காங்கிரீட்டைக் கொட்டிவிட்டுப் போவார்கள். நாங்கள் சண்டை போட மாட்டோம். வீட்டுக்குள் இடிசலைக் கொட்டித் தரையை உயர்த்திக்கொள்வோம். பர்ணி என்பார்கள் இங்கே. ஒரு வீட்டில் பர்ணி போட்டால் தண்ணீர் அடுத்த வீட்டுக்குள் போகும். பிறகு அவர்களும் போடுவார்கள். எங்கள் வீட்டில் இரண்டு முறை போட்டாயிற்று. கூரை ஃபேனைக் கழற்றிச் சுவரில் மாட்டினோம். என் கணவர் உயரமானவர். சொந்த வீட்டில் குனிந்தே நடக்கிறார்.

போன கோடையில் மறுபடியும் ரோடு போட வந்தார்கள். எங்கள் வாசலையொட்டிய கட்டர் சாக்கடையின் இரும்புக் கம்பி மூடியையும் சேர்த்துப் பூசிவிடப் போவதாக சூப்பர்வைசர் சொன்னார். மழைத் தண்ணீர் இறங்க அந்தச் சந்துக்கே அது ஒன்றுதான் வழி. தண்ணீர் எங்கே போகும் என்று கேட்டேன். வீட்டை உயர்த்திக்கொள்ளுங்கள், எல்லோரும் செய்வதுதானே என்றார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. நாங்கள் இட்லி வியாபாரம் செய்கிறவர்கள். அரிசி மூட்டை, உளுந்து, கிரைண்டர் எல்லாம் அந்த ஒற்றை அறைத் தரையில்தான். மோட்டாருக்குள் தண்ணீர் புகுந்தால் எங்கள் பிழைப்பே போச்சு. இனி என் தரை ஒரு விரல்கூட ஏறாது, உங்கள் ரோட்டை இறக்குங்கள் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் காலை அடுப்பையும் இட்லிக் கொப்பரையையும் தூக்கிக்கொண்டு போய் அந்த மூடியின் மேலேயே வைத்துப் பற்றவைத்தேன். ஆவி பறக்கிற கொப்பரை மேல் யார் காங்கிரீட் கொட்டுவார்கள்? சூப்பர்வைசர் கத்தினார். நான் ஈடு ஈடாக எடுத்துக்கொண்டிருந்தேன். தோல் பை தைக்கும் பக்கத்து வீட்டுக்காரி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு தைக்க வேண்டிய பைகளை அள்ளிக்கொண்டு வந்து என் அருகில் உட்கார்ந்தாள். அந்த வாரம் முழுக்க எங்கள் அடுப்படி ரோட்டில்தான். கடைசியில் மூடியைச் சுற்றிப் பள்ளம் விட்டு, சரிவாகப் பூசி, வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனார்கள். பூச்சு கோணல்மாணலாக இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது.

ஜூனில் முதல் பெருமழை. சந்தெங்கும் சாமான்களைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். என் கணவரும் வழக்கம்போல அரிசி மூட்டையைக் கட்டிப்பிடித்துத் தூக்கப் போனார்.

"தூக்காதிய," என்றேன். "அங்கனயே கெடக்கட்டும்."

பள்ளம் நிரம்பித் தண்ணீர் வாசற்படியின் விளிம்பைத் தொட்டது. அவர் என்னையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கும் பயம்தான், காட்டிக்கொள்வேனா? வெளியே பக்கத்து வீட்டுக்காரி கணுக்கால் தண்ணீரில் குனிந்து, மூடியை அடைத்திருந்த பிளாஸ்டிக் பைகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கொடகொடவென்று இறங்க ஆரம்பித்தது.

அவர் மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவரை எழுந்திருக்கச் சொல்லி, மறுநாளைக்கு அரிசி எடுத்து ஊறப்போட்டேன்.