குங்கிலியம் வைத்த வயிறு

கட்டுப் போடும் அறையில் எத்தனையோ வாடைகளைப் பார்த்துவிட்டேன். சீழ், டிங்சர், பினாயில் எல்லாம் பழகிப்போனவை. ஆனால் குங்கிலியம் மணக்கும் வயிற்றை என் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் பார்த்தேன். பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலை விட்டுப் போன அடுத்த வருஷம். எனக்கு இருபத்துமூன்று வயது. நர்சு வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. கிளிஞ்சல்மேட்டிலிருந்து வந்த மீன்கார அக்கா கட்டிலில் படுத்து, சேலையை விலக்கிவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். வயிற்றின் வலப்பக்கத்தில் கட்டியிருந்த ரப்பர் பையைச் சுற்றிக் கறுப்பாக, தடிமனாக, இறுகிப்போன ஒரு வளையம். தொட்டுப் பார்த்தேன், கல்லாக இருந்தது. குனிந்து மோந்தேன். தோணிப் பலகைகளின் இடுக்கை அடைப்பதற்குக் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சுவார்களே, அதே வாடை.

அந்த அக்காவுக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். தலையில் கூடையோடு கோட்டுச்சேரி வரைக்கும் தெருத்தெருவாக மீன் விற்றவர். குடலில் கட்டி வந்து, வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்துவிட்டு, மிச்சக் குடலின் வாயை வயிற்றில் வைத்துத் தைத்து அனுப்பியிருந்தார்கள். மலம் இனி அந்த வழியாகத்தான் வரும். தண்ணீராக வரும், நேரங்காலம் பார்க்காமல் வரும். அதைப் பிடிக்க ஒரு ரப்பர் பையும், பையை இறுக்கிக்கொள்ள இடுப்புப் பட்டையும் கொடுத்திருந்தார்கள். ஒட்டிக் கழற்றித் தூக்கிப்போடும் இந்தக் காலத்துப் பையெல்லாம் அன்றைக்கு ஏது? கழுவிக் காயவைத்து அதையேதான் மறுபடி கட்ட வேண்டும். ஊருக்கு வந்த ஒரு மாதத்தில் பை ஓரமாக ஒழுக ஆரம்பித்தது. ஒழுகியது பட்டுப் பட்டுத் தோல் வெந்துபோய், துணி உரசினாலே உயிர் போகும். வாரத்துக்கு இரண்டு முறை என்னிடம் கட்டுக்கு வருவார்.

எனக்கு அன்று வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. "ஏங்க்கா, ஒங்க ஒடம்பு என்ன ஒடஞ்ச தோணியா? யாரு பண்ணுன வேல இது?" என்று கத்தினேன்.

"நாந்தாங்க நர்சம்மா. ஒழுவுதேன்னு எடுத்து வச்சிக்கிட்டேன்," என்றார் சுவரைப் பார்த்தபடியே.

தேங்காயெண்ணெயை வெதுவெதுப்பாக்கிப் பஞ்சில் நனைத்து, ஓரமாக ஊறவைத்து ஊறவைத்துத்தான் எடுக்க முடிந்தது. ஒரு மணி நேரம் ஆனது. சில இடங்களில் குங்கிலியத்தோடு தோலும் சேர்ந்து வந்தது. அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு முனகலும் இல்லாமல் கிடந்தார். நான்தான் வாய் ஓயாமல் ஏசிக்கொண்டிருந்தேன். கடைசியில் அறை வாசலில் நின்றிருந்த அவருடைய கணவர் பொறுக்கமாட்டாமல் உள்ளே வந்துவிட்டார். அவர் கலப்பத்து மேஸ்திரி. தோணிக்குள் நீர் புகாமல் இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் குங்கிலியம் பூசுவதுதான் தொழில். விரல் நகங்களெல்லாம் கறுத்திருந்தன.

"அத ஏசாதீங்க நர்சம்மா. வச்சது நாந்தாங்க. ஆறவச்சுதான் வச்சேன். கடல் தண்ணியவே உள்ள வுடாம அடைக்கிறோம், இத்துனூண்டு ஒழுக்க அடைக்க முடியாதான்னு நெனச்சுப்புட்டேன்."

"நீங்க வெளில போங்க," என்று அக்கா அதட்டினார். பிறகு என்னிடம், "ஆசயா வந்து வச்சுதுங்க. வேணாம்னு சொல்ல மனசு வரலங்க," என்றார்.

"எரியலயா?"

"எரிஞ்சுச்சு. ஆனா ஒழுவலங்க."

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. மேஸ்திரி வெளியே போகவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. "ஒழுவு நின்னாத்தான் இது சோறு திங்கும்னு பாத்தேன்," என்றார். "பத்து நாளுக்கு மேல ஆச்சுங்க. கஞ்சித்தண்ணியத் தவிர ஒண்ணும் எறங்கல. தின்னாத்தான வருது, திங்கலன்னா வராதுல்லங்குது. இப்புடியே போனா செத்துப்போயிரும் நர்சம்மா."

அப்போதுதான் அக்காவை முழு ஆளாகப் பார்த்தேன். அதுவரை நான் பார்த்ததெல்லாம் அந்தப் புண்ணை மட்டும்தான். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. ரவிக்கை தொளதொளவென்று கிடந்தது. ஏன் இப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். கோபமே இல்லாத குரலில் சொன்னார்.

"மொத நாளு நீங்க பைய அவுத்தீங்கல்ல, அப்ப மூச்ச அடக்குனீங்க. மொகமெல்லாம் செவந்துபோச்சு ஒங்களுக்கு. நான் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். இதே தொழிலா இருக்குற நர்சம்மாவாலயே முடியலன்னா, வெளில எவ என்னயப் பக்கத்துல நிக்க வுடுவா? அன்னிக்குப் போயி வாய மூடுனதுதாங்க."

மூச்சை அடக்கியது நிஜம். படிப்பில் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை, நானாகச் செய்தது. நோயாளிக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன். மல்லாந்து படுத்திருப்பவருக்கு நம் முகத்தைத் தவிரப் பார்ப்பதற்கு வேறு என்ன இருக்கிறது? ஒரு மணி நேரமாக அவரையும் அவர் புருஷனையும் முட்டாள்கள் என்று ஏசியிருக்கிறேன். அவர் பட்டினி கிடந்ததே என்னால்தான். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுகூட அன்று எனக்குத் தோன்றவில்லை. அந்த வயசுத் திமிர் அப்படி. தலையைக் குனிந்துகொண்டு கட்டுப் போட்டுவிட்டேன்.

மறுநாள் கிளம்பி அவர்கள் வீட்டுக்கே போனேன். பையைக் கழற்றிவிட்டு நிதானமாகப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அறுவை செய்த புதிதில் வீங்கியிருந்த குடல்வாய் இப்போது வற்றிச் சிறுத்துவிட்டது. பையின் வாயோ பழைய அளவிலேயே இருந்தது. இரண்டுக்கும் நடுவே விரலகலத் தோல் நாளெல்லாம் அந்த நீரில் ஊறிக்கொண்டிருந்தது. மேஸ்திரியிடம் காட்டினேன். அவர் பனையோலை நறுக்கு ஒன்றை வளைத்து அளவெடுத்து, பழைய சைக்கிள் ட்யூபில் ஒரு வளையம் வெட்டினார். ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டியபோது அவரே இரண்டு முறை திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கொதிநீரில் கழுவி வைத்துக்கொள்ளச் சொன்னார். வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுத்து, காற்றாடவிட்டு, துத்தநாகக் களிம்பை அப்பி, அதன் மேல் வளையம், அதன் மேல் பை. "ஈரத்துமேல வைக்கக்கூடாது, நல்லா காயணும்," என்று நான் சொன்னதும், "அத எனக்கே சொல்றீங்களா நர்சம்மா!" என்று மேஸ்திரி முதல் முறையாகச் சிரித்தார்.

ஒழுக்கு முழுசாக நின்றுவிட்டது என்று சொன்னால் பொய். வாரத்தில் ஒரு நாள் மானத்தை வாங்கத்தான் செய்தது. ஆனால் தோல் ஆறியது. மூன்று வாரத்தில் வெந்த சிவப்பு மாறிப் புதுத்தோல் மினுமினுத்தது. சோறு மட்டும் இறங்கவே இல்லை. நானும் மிரட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன், டாக்டரைவிட்டுச் சொல்லவைத்தேன். "சரிங்க," என்பார். வீட்டுக்குப் போய் இரண்டு வாய்க் கஞ்சி குடிப்பார். கட்டு மாற்றும்போது குனிந்து, வேண்டுமென்றே பேசிக்கொண்டே, நன்றாக மூச்சு விட்டேன். இரண்டு மூன்று நாள்தான் கஷ்டமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. இவ்வளவுதானா, இதற்கா அந்தக் கூத்து என்று என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது. அக்கா எதையும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இன்று என் தெருவிலேயே ஒருவர் அதே மாதிரிப் பையோடு பேருந்தில் வேலைக்குப் போய்வருகிறார். தோல் நிறத்தில், காகிதம்போல மெல்லிசாக இருக்கிறது. யாருக்கும் தெரிவதில்லை. போன மாதம் அவருடைய மனைவி வந்து, பக்கத்தில் படுத்தால் வாடை சங்கடமாக இருக்கிறது, அது அவருக்குத் தெரியாமல் சமாளிக்க ஒரு வழி சொல்லுங்கள் என்று கேட்டாள். அவருக்குத் தெரியும் அம்மா, எப்போதோ தெரியும் என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

அந்த வருஷக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்பத்திரிக்குப் பின்தெருவில் ஒற்றை அறை வீட்டில் குடியிருந்தேன். மத்தியானம் சமைத்து இறக்கிக்கொண்டிருக்கும்போது, "கெழங்கா... கெழங்கா மீனே..." என்று தெருக்கோடியில் ஒரு குரல் கேட்டது. கரண்டியோடு வாசலுக்கு ஓடினேன். அக்காதான். கஞ்சியிலேயே கொஞ்சம் தேறியிருந்தார். தலையில் கூடை, இடுப்பில் சேலைக்கு உள்ளே பட்டை. அடியில் நாலு மீன் மட்டும் மிஞ்சியிருந்த கூடையை வாசலில் இறக்கிவைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்தபடி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சோறு இருக்கா நர்சம்மா? பசிக்குது."

அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. தட்டு வைத்து, சுடுசோறு போட்டு, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பை ஊற்றினேன். எனக்கும் ஒரு தட்டு வைத்துக்கொண்டு முட்டி இடிக்க எதிரே உட்கார்ந்தேன். கோட்டுச்சேரியில் யார் யார் வாங்கினார்கள், எவள் பேரம் பேசியே கழுத்தறுத்தாள் என்று சொல்லிக்கொண்டே நாலைந்து வாய் சாப்பிட்டிருப்பார். திடீரென்று அவர் வயிற்றுப் பக்கம் களகளவென்று சத்தம் கேட்டது. பை நிறைகிற சத்தம். கூடவே வாடையும் லேசாக எழுந்தது. வாய்க்குப் போன கை பாதியில் நின்றது. அக்கா என் முகத்தையே பார்த்தார்.

நான் என் தட்டிலிருந்த சோற்றைப் பிசைந்து ஒரு வாய் போட்டுக்கொண்டேன். மென்று விழுங்கிவிட்டுக் குழம்புச் சட்டியை எடுத்தேன்.

"ஊத்தவா அக்கா?"

இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "சோத்தப் போட்டுட்டு ஊத்துங்க," என்று தட்டை நீட்டினார்.