அண்ணனின் ஆட்டமும் எங்கள் பயமும்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும், அண்ணனின் ஒரே தங்கை வணங்கி எழுதுவது. அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் பெருமைக்கு முன்னால் பயம்தான் வருகிறது. அதை மறைக்காமல் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது குருவிநத்தத்தில், நெல்லும் கரும்பும் பயிரிட்ட குடும்பத்தில். தென்பெண்ணை வற்றிக் கிடக்கும் மாதங்களில் ஆற்று மணலில் ஓடி ஓடித்தான் அவர் கால்கள் உரமேறின. பாகூரில் பள்ளிக் கால்பந்து அணி, பிறகு சென்னையில் ஒரு கம்பெனி அணி, அங்கிருந்து ஓர் ஏஜென்ட் மூலமாக மாலத்தீவு. அதன் பின் பூட்டான், நேபாளம், வங்கதேசம், மறுபடி மாலத்தீவு. எந்த கிளப்பிலும் ஒரு சீசன், மிஞ்சினால் இரண்டு. யாருக்காவது காலில் அடிபட்டால் அந்த இடத்துக்கு அண்ணனைக் கூப்பிடுவார்கள். அவர் நடுக்கள ஆட்டக்காரர். எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்து முன்னால் நிற்பவருக்குக் கொடுப்பது அவர் வேலை. கோல் போட்டவர் படம் பேப்பரில் வரும். அண்ணன் அந்தப் படத்தின் ஓரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார்.

புது நாடு என்றாலே அம்மா ஒன்றைத்தான் கேட்பார்: "அந்த ஊர்ல உனுக்கு எதுனா ஆச்சுனா யாருடா பாப்பாங்க?"

"கூட ஆடறவங்க இருக்காங்கம்மா. நீ சும்மா இரு" என்பார் அண்ணன்.

வங்கதேசத்தில் ஒரு வெளியூர் ஆட்டத்தில், தோற்ற அணியின் ரசிகர் கூட்டம் வேலியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. உடை மாற்றும் அறையைப் பூட்டிக்கொண்டு எனக்குப் போன் செய்தார். பின்னால் கதவை உதைக்கும் சத்தம் கேட்டது. "ஒண்ணுமில்ல பாப்பா, சும்மா கூட்டம். அம்மாகிட்ட சொல்லிடாத" என்றார். என் பிள்ளைகள் சாப்பிட்டார்களா, என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். போலீஸ் வரும்வரை போனை வைக்கவில்லை.

கடைசி சீசனில் அவருக்கு அடிக்கடி தலை சுற்றியிருக்கிறது. அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை. முப்பது தாண்டியவர் ஒரு சீசன் உட்கார்ந்துவிட்டால் அடுத்த சீசனுக்கு யார் கூப்பிடுவார்கள்?

மாலத்தீவில் அன்று சாயங்கால ஆட்டம். கிளப்காரர்கள் போனில் நேரலை போடுவார்கள். வாழ்க்கைப்பட்ட கரியமாணிக்கத்திலிருந்து நானும் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தேன். அம்மா, அண்ணி, நான் மூவரும் ஒரே போனைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணன் பந்தைத் தட்டிவிட்டு நடந்து வந்தார். பக்கத்தில் யாருமே இல்லை. அப்படியே முகம் குப்புற விழுந்தார்.

"யாருடி தள்ளுனது?" என்றார் அம்மா.

யாரும் தள்ளவில்லை. இரண்டு அணிக்காரர்களும் அவரைச் சுற்றி நின்று மறைத்துக்கொண்டார்கள். ஒருவர் தலையில் கைவைத்து அழுவது தெரிந்தது. பிறகு நேரலை நின்றுவிட்டது.

"ஏந்துட்டானாடி? சொல்லுடி, ஏந்துட்டானா?" அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கினார். யாருக்குப் போட்டாலும் எடுக்கவில்லை. அண்ணி சுவரைப் பிடித்தபடி நின்றார். இருட்டிய பிறகு, அண்ணனோடு ஆடிய கேரளத்து கோல்கீப்பர் ஷாஜி அழைத்தார். "சேச்சி, ஆளு இருக்கு. கண்ணு தொறந்து" என்றார் மலையாளம் கலந்த தமிழில். எதிரணியின் பிசியோதெரபிஸ்ட் ஓடிவந்து நெஞ்சை விடாமல் அழுத்தியதால்தான் உயிர் திரும்பியது என்று பிறகு தெரிந்தது.

ஊர் திரும்பிய அண்ணனுக்கு புதுச்சேரி ஆஸ்பத்திரியில் இதயத் தசை தடித்திருப்பதாகச் சொன்னார்கள். துடிப்பு தப்பினால் மின் அதிர்வு கொடுத்துச் சரிசெய்யும் ஒரு கருவியை நெஞ்சில் தோலுக்கடியில் வைத்தார்கள். ஆட்டம் அத்தோடு முடிந்தது. கரும்புக்குத் தண்ணீர் கட்டும்போது ஒருநாள் அந்தக் கருவி முதல்முறை அடித்தது. வாய்க்காலில் விழுந்து எழுந்தவர், அதன் பிறகு தனியாக எங்கும் போகவில்லை. குளிக்கும்போதும் அண்ணி கதவுக்கு வெளியே நிற்க வேண்டும்.

"அங்க வுழுந்தப்போ எனுக்கு ஒண்ணும் தெரியல பாப்பா. பாத்துக்கினு இருந்தது நீங்கதான்" என்று ஒருநாள் என்னிடம் சொன்னார். "இப்போ நெஞ்சு கொஞ்சம் வேகமா துடிச்சாலே கையெல்லாம் வேர்க்குது. ரொம்ப பயமா இருக்குது."

மருத்துவர் கேட்டார்: "குடும்பத்தில் சின்ன வயதில் திடீரென்று யாராவது இறந்திருக்கிறார்களா?" அம்மா அப்பாவைப் பற்றிச் சொன்னார். எங்கள் அப்பா கரும்புக் கொல்லையில் விழுந்து இறந்தவர். வெயில் தாங்கவில்லை என்றுதான் ஊரே சொன்னது. இது ரத்த வழியில் வரக்கூடியது, பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்றார் மருத்துவர். நான் சோதனைக்கு வரமாட்டேன் என்றேன்.

வீட்டைவிட்டு வெளியே வரவே அஞ்சிய அண்ணன், அண்ணியோடு பஸ் ஏறி கரியமாணிக்கம் வந்து என் வீட்டு வாசலில் நின்றார். "நானும் பயந்துக்கினுதான் வந்திருக்கேன். கெளம்பு" என்றார். அவர் மகளையும் என் பிள்ளைகளையும் என்னையும் அவரே அழைத்துப் போனார். பிள்ளைகளுக்கு இப்போதைக்கு ஒன்றுமில்லை. தடிப்பு இருந்தது எனக்கு. அன்றிலிருந்து மாத்திரை சாப்பிட்டு உயிரோடு இருக்கிறேன்.

சென்ற மழைக்காலத்தில், நான் பிறந்த வீட்டுக்கு வந்திருந்த ஒரு காலை, அந்தக் கருவி நிறுத்தாமல் அடிக்கத் தொடங்கியது. எதிர்வீட்டு முருகையன் தன் காரில் ஏற்றினார். பாகூர் ரோடு முழுவதும் தண்ணீர். அண்ணன் தலை என் மடியில் இருந்தது.

"பாப்பா, மறுபடி அடிக்கப்போவுது. கைய வுடாத."

"வுடல அண்ணா."

அமைதியாகப் போனார் என்று எழுதத்தான் ஆசை. அண்ணன் பயந்துகொண்டே, என் கையை இறுக்கிக்கொண்டே போனார்.

வெள்ளத்தில் கார் ஓட்டிய முருகையனுக்கும், ஷாஜிக்கும், இன்றுவரை நாங்கள் நேரில் கண்டிராத அந்த பிசியோதெரபிஸ்டுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அம்மாவையும் அண்ணியையும் தனியே விடாமல் வந்து இருந்த பெண்களுக்கும் என் வணக்கம்.

அப்பாவின் அண்ணன் மகன்களே, நீங்கள் இருவரும் இன்னும் சோதனைக்கு வரவில்லை. கேட்டால் பயமாக இருக்கிறது என்கிறீர்கள். நினைவு நாளன்று படையல் முடிந்து எல்லோரும் சாப்பிட்டதும், ஆஸ்பத்திரிக்குப் போக வாசலில் வேன் நிற்கும். ஏறி என் பக்கத்தில் உட்காருங்கள்.