ஐஸ் வியர்க்கும் வரை

அவளுக்குப் பெட்டியக்கா என்று பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. இருபத்திரண்டு வருடமாக, வாரத்தில் மூன்று நாள், தோளில் நீலப் பெட்டியை மாட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்குகிற நர்ஸை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் பத்திரமாக இருந்தது. தெருவில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் அப்படி யாரும் இங்கே இல்லை என்று சத்தியம் செய்வார்கள்.

வாய் இருக்கிறதே, அது தனி வாய். ஊசி போடும்போது குழந்தையோடு சேர்ந்து அம்மாவும் கண்ணைக் கசக்கினால், "அழுவறது அவன் வேலை. நீ ஏன் அழுவுறே? தொடையைப் பிடி" என்று அதட்டுவாள். கதவைத் திறக்காமல் உள்ளேயே பதுங்குகிற வீடுகளின் வாசலில் நின்று, "நீங்க இருக்கீங்கன்னு உங்க மிக்ஸி சொல்லுது" என்று கத்துவாள். திட்டு வாங்காத வீடு கிடையாது. ஆனால் நடுங்கும் கையோடு முதல் பிள்ளையைத் தூக்கி வருகிற பெண்கள் வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார்கள். பெட்டியக்கா வரட்டும் என்று காத்திருப்பார்கள்.

அந்தப் பெட்டிக்கு ஒரு சட்டம் உண்டு. ஃப்ரீசரில் இருந்து ஐஸ் பேக்குகளை எடுத்தவுடன் அதில் அடுக்கக் கூடாது. முதலில் மேஜைமேல் பரப்பி வைக்க வேண்டும். அவை வியர்க்க வேண்டும். கையில் எடுத்துக் குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். அதற்கு அரைமணி நேரம் ஆகும், சில நாள் முக்கால் மணி. அதுவரை பொறுக்காமல் கல்லாக இருக்கிற ஐஸோடு வைத்தால், கக்குவான் இருமல் உள்பட மூன்று நோய்களைத் தடுக்கிற முத்தடுப்பூசி மருந்து உறைந்துபோகும். உறைந்த மருந்து மறுபடி உருகினாலும் அதில் சக்தி இருக்காது. பார்க்க மருந்து மாதிரியே இருக்கும், குழந்தைக்கு வலிக்கவும் வலிக்கும், அவ்வளவுதான். வெயிலுக்குப் பயந்து எல்லோரும் மருந்தைக் குளிரில் வைக்கத்தான் பாடுபடுவார்கள். குளிரே மருந்தைக் கொல்லும் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரிந்த பயம். பெட்டியக்கா அந்த அரைமணி நேரம் மேஜை பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பாள். யார் அவசரப்படுத்தினாலும், "ஐஸ் இன்னும் வியர்க்கலை" என்பாள். அதற்குமேல் பேச்சில்லை.

இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு நாள் அவள் டீ குடிக்கவில்லை.

அன்றைக்கு அவள் மகள் வெளிநாடு போகிறாள். ஒரே மகள், அவளும் நர்ஸ். எங்கோ கடல் கடந்து, வயதானவர்களை வைத்துப் பார்த்துக்கொள்கிற இல்லத்தில் வேலை. மூன்று வருட ஒப்பந்தம், நடுவில் லீவு கிடையாது. பெட்டியக்கா லீவு கேட்டிருந்தாள். கொடுக்க ஆள் இல்லை. சுகாதார நிலையத்தில் முன்பு மூன்று நர்ஸுகள் இருந்தார்கள். இரண்டு பேர் ஏற்கெனவே விமானம் ஏறிவிட்டார்கள். "உலகத்துக்கே நர்ஸ் அனுப்பறோம், நம்ம தெருவுக்கு நான் ஒருத்திதான்" என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். அந்தச் சிரிப்பில் பாதி எரிச்சல்.

"ரெண்டு மணிக்கு நான் ஏர்போர்ட்டுக்குள்ள போயிடணும்மா. அதுக்கப்புறம் வந்தா கண்ணாடிக்கு வெளியதான் நிக்கணும்" என்று காலையில் மகள் சொன்னாள்.

"பன்னிரண்டு மணி பஸ்ஸைப் பிடிச்சிடுவேன்டி. நீ சித்தப்பாவோட முன்னால போ. உன் பெட்டியை எடை போடறதுக்குள்ள வந்து நிப்பேன்."

அந்த நினைப்பிலேயே காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள்போல ஓடினாள். ஃப்ரீசரைத் திறந்தாள், ஐஸ் பேக்குகளை எடுத்தாள், அப்படியே பெட்டியில் அடுக்கினாள். நடுவில் இரண்டு மருந்துக் குப்பிகளை வைத்து மூடினாள். மூடும்போது மனசு ஒரு விநாடி உறுத்தியது. தெரியாமல் செய்தாள் என்று யாரும் சொல்ல வேண்டாம், அவளே அப்படிச் சொன்னதில்லை. போகிற வழியில் வியர்த்துவிடும் என்று நினைத்தாள்.

அன்றைக்கு ஒன்பது குழந்தைகள். முதல் வீட்டில் குப்பியை எடுத்தபோது அதன்மேல் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. மேல்சட்டையில் துடைத்தாள். உள்ளங்கையில் வைத்து உருட்டினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பது வழக்கம், பார்க்கவில்லை. எட்டு வீடுகள் ஒரே தெருவில் முடிந்தன. கடைசி, கட்டடம் எழும்புகிற இடத்துக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகை. சித்தாள் வேலை செய்கிற ஒரு சின்னப் பெண், இரண்டு மாதக் கைக்குழந்தை. அவள் புருஷன் கொத்தனார். குழந்தைக்குச் சுள்ளென்று கோபம் வருகிற முகம். ஊசி இறங்கியதும் பெட்டியக்காவின் விரலைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

"இங்க வேலை முடிஞ்சுதுக்கா. ஒரு மணிக்கு லாரி வருது, வேற ஊருக்குப் போறோம்" என்றாள் அந்தப் பெண்.

"எங்க போனாலும் அடுத்த மாசம் ரெண்டாவது ஊசியை விட்டுடாதே. அட்டையில தேதி போட்டிருக்கேன். விட்டா வந்து உதைப்பேன்."

பன்னிரண்டுக்குக் கால்மணி இருக்கும்போது நிலையத்துக்குத் திரும்பினாள். பிரிக்காத குப்பியை ஃப்ரிட்ஜில் வைக்க எடுத்தாள். உள்ளே மருந்து ஆடவில்லை. கெட்டியாக, கட்டியாக நின்றது. பிரித்த குப்பியை எடுத்துக் குலுக்கி மேஜையில் வைத்துப் பார்த்தாள். நல்ல மருந்து என்றால் கலங்கலாகவே நிற்கும். இது திரிந்த பால் மாதிரி, மேலே தெளிந்து, அடியில் தூள் தூளாக இறங்கியது. ஒன்பது தொடைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்தன.

நிலையத்து டாக்டர் மேடத்துக்கு ஃபோன் செய்தாள். "நாளைக்கு எழுதிக் கொடுங்க. அடுத்த வாரம் திரும்பப் போட்டுக்கலாம், உயிருக்கு ஒன்னும் ஆகாது" என்றார் மேடம். உண்மைதான். தெருவில் இருக்கிற எட்டு வீடும் எங்கேயும் ஓடிப்போகாது. ஆனால் ஒன்பதாவது வீட்டுக்கு ஒரு மணிக்கு லாரி.

பஸ் நிறுத்தம் வலது பக்கம், கட்டடம் இடது பக்கம். வாசலில் நின்றவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறகு இடது பக்கம் ஓடினாள். ஐம்பத்து மூன்று வயது, முழங்கால் வலி, ஓடினாள்.

கொட்டகை இருந்த இடத்தில் நான்கு குழிகளும் ஒரு அடுப்புக் கல்லும் இருந்தன. "லாரி சீக்கிரமே வந்திடுச்சுங்க, கிளம்பி இப்பத்தான் கால்மணி ஆச்சு" என்றான் வாட்ச்மேன். எந்த ஊர் என்று அவனுக்குத் தெரியாது. மேஸ்திரியின் நம்பர் கொடுத்தான். அது அடித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கும் எடுக்கவில்லை, அடுத்த வாரமும் எடுக்கவில்லை, அதன்பிறகு அந்த நம்பரே இல்லை என்று சொல்லிவிட்டது.

பன்னிரண்டு மணி பஸ்ஸும் போய்விட்டது. மூன்றரை மணிக்கு மகள் கூப்பிட்டாள். விமானத்துக்குள் இருந்து பேசினாள்.

"கடைசி வரைக்கும் அந்தக் கதவையே பார்த்துட்டு இருந்தேம்மா."

பெட்டியக்கா நடந்ததைச் சொன்னாள். அவளும் நர்ஸ்தானே, அம்மா சொன்னதன் அர்த்தம் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. "சரிம்மா, வெச்சிடறேன்" என்றாள். அந்த "சரிம்மா" பெட்டியக்காவை ராத்திரி தூங்க விடவில்லை.

எட்டு வீடுகளுக்கும் போய் நின்றாள். தப்பு என்னுடையது, இன்னொரு ஊசி போட வேண்டும் என்றாள். ஒரு தாத்தா செருப்பைத் தூக்கினார். ஒரு பெண் முகத்தில் அடித்தமாதிரி கதவைச் சாத்தினாள், மூன்றாம் நாள் தானே குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எல்லாம் சரியானது. "அந்த ஒன்னை விடுங்க. ஊரை விட்டுப் போனவங்களை எங்கன்னு தேடறது?" என்று மேடம் பட்டியலில் அந்தப் பெயர்மேல் ஒரு கோடு இழுத்தார். பெட்டியக்கா மட்டும் எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் உள்ளே போய் விசாரித்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஊசிக்கு அந்தப் பெண் குழந்தையை எங்கேயாவது கொண்டுபோயிருப்பாள், இரண்டாவதும் மூன்றாவதும் விழுந்தால் தப்பித்துவிடும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள்.

ஏழு மாதம் கழித்து ஒரு காலையில், ஐஸ் பேக்குகள் மேஜைமேல் வியர்த்துக்கொண்டிருந்தபோது, அந்தச் சின்னப் பெண் வாசலில் வந்து நின்றாள். அதே கட்டடத்தில் இரண்டாவது பிளாக் ஆரம்பித்திருந்தார்கள், திரும்பி வந்திருந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். இடுப்பில் குழந்தை இல்லை. கையில் அந்த அட்டை இருந்தது.

"ஒன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேங்க்கா" என்றாள். "போன இடத்துல பிள்ளைங்க எல்லாத்துக்கும் இருமல். இவனுக்கும் வந்துச்சு. இருமி இருமி நீலமாயிட்டான். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். கக்குவான் இருமல்னாங்க. நாலாவது நாள் போயிட்டான்."

பெட்டியக்கா டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அங்க ஒரு டாக்டர் அட்டையைப் பார்த்துட்டு, ரெண்டாவது ஊசி எங்கேன்னு கேட்டாரு. அந்தத் தேதிக்கு எனக்கு வேலைக்கா. ஒரு வாரம் கழிச்சுப் போலாம்னு நெனைச்சேன். அதுக்குள்ள ஆயிடுச்சு. எங்க வீட்டுக்காரரு பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருந்தாரு. அன்னையிலிருந்து எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. சோத்தைப் போட்டா எடுத்துட்டுப் போயி தனியா உக்காந்து சாப்பிடறாரு. மாமியார் என்னைக் கொலைகாரின்னே கூப்பிடறாங்க." அவள் அட்டையை மேஜைமேல் வைத்தாள். "நீங்க உங்க வேலையைச் சரியா செஞ்சீங்க, நான்தான் விட்டுட்டேன். ரெண்டாவது ஊசி போட்டிருந்தா பொழைச்சிருப்பானாக்கா? உங்க வாயால சொல்லுங்க."

அட்டையில் முதல் கட்டத்தில் பெட்டியக்காவின் கையெழுத்து கோணாமல் நிமிர்ந்து நின்றது. அறையில் வேறு யாரும் இல்லை. உன்மேல் தப்பில்லை, விதி, மனசைத் தேற்றிக்கொள் என்று சொல்லி, தோளைத் தட்டி அனுப்பியிருக்கலாம். அந்தப் பெண் கையெடுத்துக் கும்பிட்டுப் போயிருப்பாள். பெட்டியக்காவின் நாக்கு நுனி வரைக்கும் அந்த வார்த்தை வந்தது, பொய் சொல்வானேன்.

"உக்காரு" என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். மகளின் பயணத்தை, ஐஸை, பனி படிந்த குப்பியை, பஸ்ஸை, ஓடியதை, நான்கு குழிகளை. "ஒரு ஊசி நல்லபடியா விழுந்திருந்தாலும் முழுப் பாதுகாப்பு கிடையாது, காப்பாத்தியிருக்கும்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. ஆனா கொஞ்சமாவது தாங்கியிருக்கும். அந்தக் கொஞ்சத்தைக்கூட உன் பிள்ளைக்கு நான் கொடுக்கலை."

அந்தப் பெண் ஐஸ் பேக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ அந்த முதல் ஊசி?"

"போட்டும் போடாத மாதிரிதான்."

இருபத்திரண்டு வருடமாக அடுத்தவர்களை அதட்டியவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை.

"நீங்க ஏன் அழுவுறீங்க?" என்று கேட்டாள். அதட்டலும் இல்லை, ஆறுதலும் இல்லை. எழுந்து அட்டையை எடுத்துக்கொண்டாள். "வாங்க. அவர்கிட்ட இதை அப்படியே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு."

பெட்டியக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். அடிப்பானோ, கூட்டம் கூட்டுவானோ, வேலை போகுமோ என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எதுவும் காலைப் பின்னுக்கு இழுக்கவில்லை. இருவரும் ஒரே வேகத்தில் நடந்தார்கள். பாதி வழியில் அந்தப் பெண் கேட்டாள்:

"உங்க பொண்ணு இப்போ நல்லா இருக்காளா?"

"இருக்கா."

"ஃபோன் பண்ணுவாளா?"

"ஞாயித்துக்கிழமை பண்ணுவா."

அந்தப் பெண் தலையை ஆட்டினாள்.

கொத்தனார் சாரத்தின் கீழே செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தான். பொண்டாட்டியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பெட்டியக்கா அவன் எதிரே நின்று, ஒரு வார்த்தை குறைக்காமல், முதலில் இருந்து சொன்னாள். சுற்றிலும் வேலை நின்றது. "இவமேல தப்பு இல்லைப்பா. ஒரு வாரம் தள்ளிப் போடலாம்னு நினைச்சா, அவ்வளவுதான். முதல்ல விட்டவ நான்" என்று முடித்தாள்.

அவன் அவளை ஏறிட்டே பார்க்கவில்லை. கையில் காய்ந்திருந்த சிமெண்டை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தான். பிறகு செங்கல் அடுக்கில் கொஞ்சம் நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டான்.

"உக்காரு" என்றான், பொண்டாட்டியிடம்.

அவள் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. அவன் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, இத்தனை மாதத்தில் சேர்த்து வைத்ததையெல்லாம் அழுதாள்.

பெட்டியக்காவை யாரும் உட்காரச் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தானாகவே திரும்பி நடந்தாள். அன்றைக்கு ஆறு குழந்தைகள் காத்திருந்தன. நிலையத்துக்கு வந்து ஐஸ் பேக்கை எடுத்துக் காதருகே வைத்துக் குலுக்கினாள். உள்ளே தண்ணீர் சலசலத்தது.