என்ட கை பட்டா கணக்கில்ல

போனில் சலாமுக்குப் பதில் சொல்லி முடிக்கிற அதே மூச்சில் றிஸ்லா கேட்பார்: "நிப்பாட்டிட்டீங்களா?"

மறுமுனையில் இருப்பவர் "ஓம் ராத்தா, நிப்பாட்டித் திருப்பியும் போட்டுப் பார்த்தம்" என்றால் முடிந்தது. "மையித்தக் குளிப்பாட்டிப்போட்டு டொக்டரக் கூப்பிடுறீங்க. இனி நான் எதப் பார்த்து என்ன சொல்ற?" கணினி நின்றுபோனால், நின்ற கோலத்திலேயே அது அவருக்கு வேண்டும். திரையில் கிடக்கும் கடைசி வரியை வாசிக்கச் சொல்வார். ஆங்கிலம் பழகாதவர்கள் எழுத்தெழுத்தாக வாசிப்பார்கள். மதுரங்குளிச் சந்தியில் அவருடைய கடைக்குப் போட்டோக்கொப்பி எடுக்கப் போகிறவர்களுக்கு இது பழக்கமான காட்சி. போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, யாரோ ஒருவரின் அடையாள அட்டையைக் கண்ணாடிமேல் கவிழ்த்தபடி, "எல்லுக்குப் பிறகு என்ன? சைபரா, ஓவா? வடிவாப் பாருங்க" என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

கடையின் முன்பக்கத்தை அவரும் கணவர் தாஹிரும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். பின்பக்கம் றிஸ்லாவுக்கு மட்டும். அங்கே மேசையில் ஒரு பழைய கணினி, உடம்பைச் சுற்றி நுளம்புவலைத் துணி கட்டப்பட்டு, எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். துணி உப்புக் காற்றுக்காக. இந்தக் கரையில் கணினிகள் வயதால் சாவதில்லை, உப்பால் சாகின்றன என்பது அவருடைய அனுபவம். கைப்பையில் பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பர் ஒன்று வைத்திருக்கிறார். கணினி அட்டைகளின் விளிம்பில் பச்சை பிடித்த செப்புப் பற்களை அதனால் தேய்த்தால் பாதி நோய் போய்விடும். குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயம் செய்கிறவர்களின் சங்கக் கணினியைத் திறந்தபோது உள்ளே பல்லி முட்டைகள் இருந்தன. "வாடகைக்கு இருந்தவங்க" என்றார். தாளில் ஏந்தி யன்னலோரம் வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்.

மாம்புரி, குறிஞ்சிப்பிட்டி, கற்பிட்டிப் பக்கங்களில் அவர் பார்க்கும் கணினிகள் எல்லாவற்றிலும் இருப்பது விலைக்கு விற்கப்படாத ஓர் இயங்குதளம். பல நாடுகளில் இருப்பவர்கள், தங்கள் வேலை முடிந்த நேரத்தில், சம்பளமில்லாமல் எழுதிச் சேர்ப்பது. யாரும் பிரித்துப் பார்க்கலாம். பிழை கண்டால் திருத்தி அனுப்பலாம். அனுப்பியதை மற்றவர்கள் கிழித்துப் பார்த்து, சரியென்றால் சேர்த்துக்கொள்வார்கள். அவர்களில் ஒருவரையும் றிஸ்லா நேரில் கண்டதில்லை. "இவவுக்கு மாப்பிள்ள நான் ஒருத்தன், கூட்டாளிமார் உலகம் முழுக்க" என்று தாஹிர் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். "கூட்டாளிமார் ஒருநாளும் சோறு கேக்கிறல்ல" என்று பின்பக்கத்திலிருந்து பதில் வரும்.

தொடக்கம் ஒரு லொறிப் பாரம். கொழும்பில் ஓர் அலுவலகம் கழித்துவிட்ட கணினிகளைத் தாஹிர் மொத்தமாக எடுத்து வந்தார். விலைக்கு விற்கும் இயங்குதளங்கள் அவற்றில் ஏற மறுத்தன. இது ஏறியது. ஆனால் கம்பி வழியாக மற்றக் கருவிகளோடு பேசவேண்டிய வலையட்டை அடிக்கடி மயங்கியது. அட்டையைச் செய்த நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. அட்டையை ஓட்டும் நிரலை, அதாவது இயக்கியை, கவனிக்க ஆளில்லை. றிஸ்லா தன்னார்வலர்களின் மடற்குழுவுக்கு முறைப்பாடு எழுதினார். திருத்தத்தை நீயே அனுப்பு என்று பதில் வந்தது. "நக்கலுக்குச் சொன்னாங்களோ தெரியா. நான் படிச்சி அனுப்பிட்டன்." இப்போது அந்த இயக்கியின் பராமரிப்பாளர் என்று உலகப் பட்டியலில் இருப்பது அவர் பெயர் மட்டும்.

அவருக்குப் பிடிக்காத வசனம் ஒன்று உண்டு: எங்கட பக்கம் ஒண்டும் பிழையில்லையே. இணையக் கம்பனிக்காரர் இதைச் சொன்னால் போனைத் தூர வைத்து அதையே ஒரு முறை முறைத்துப் பார்ப்பார். "ஒங்கட பக்கமும் இல்ல, எங்கட பக்கமும் இல்லாட்டி, பிழ நடுக் கம்பியிலயா தொங்குது?"

இந்த வருடம் அதே வசனத்தை அவரே எழுதினார்.

புதிய பதிப்பு வெளிவருவதற்கு முன் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. பரிசோதனைப் பிரதியைப் பலரும் தங்கள் கணினிகளில் ஓட்டிப் பார்ப்பார்கள். பழுதென்று தெரிந்தும் திருத்த முடியாத பகுதிகளை நீக்கிவிடுவார்கள். சிலியிலிருந்து ஒருவரும் ருமேனியாவிலிருந்து ஒருவரும் றிஸ்லாவின் இயக்கியைப் பற்றி முறையிட்டிருந்தார்கள். வேலையில்லாத நேரத்தில் அட்டை தூங்கிவிடுகிறது, பிறகு எழும்புவதில்லை. றிஸ்லா நுளம்புவலைக்குள் இருந்த தன்னுடைய கணினியில் அதே பிரதியை ஓட்டிப் பார்த்தார். தூங்கியது, எழும்பியது. என்னுடைய பக்கம் பிழை இல்லை என்று எழுதி அனுப்பினார். வெளியீட்டைப் பொறுப்பெடுத்திருந்த போலந்துக்காரர் நாகரிகமாகப் பதில் எழுதினார். வியாழன் மாலைக்குள் காரணம் தெரியாவிட்டால் இந்த இயக்கி நீக்கப்படும்.

நீக்கினால், லொறியில் வந்த அத்தனை கணினிகளும் பழைய பதிப்பிலேயே நின்றுபோகும். புதிதாகத் தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடா. கொஞ்சக் காலத்தில் ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடவேண்டியதுதான். ஊரெல்லாம் அவற்றைக் கொண்டுபோய் வைத்தவர் றிஸ்லா.

வியாழன் காலை மாம்புரி ஐஸ் ஆலையிலிருந்து தவச்செல்வன் போனில் கூப்பிட்டார். யுத்த காலத்தில் கிளிநொச்சியிலிருந்து வந்த குடும்பம். ஆலையின் குளிரறையையும் கணினியையும் பார்ப்பவர். பரிசோதனைப் பிரதியை றிஸ்லா அங்கேயும் போட்டுக் கொடுத்திருந்தார்.

"அக்கா, நிப்பாட்டேல்ல. அத முதலே சொல்லிப்போட்டன்."

"கெட்டிக்காரன். என்ன நடந்த?"

"எண் அசையாம நிக்குது. அறைக்குள்ள தண்ணி."

"எவ்வளவு தண்ணி?"

"செருப்பு நனையுது."

குளிரறைக்குள் இருக்கும் வெப்பமானி, குளிர் மாறும்போது மட்டும் கணினிக்குச் செய்தி அனுப்பும். கதவு பூட்டியிருக்கும் நேரத்தில் ஒன்றும் மாறாது. செய்தி வராது. அட்டை தூங்கியிருக்கிறது. பிறகு குளிரூட்டி நின்று, ஐஸ் கசியத் தொடங்கி, வெப்பமானி செய்தி அனுப்பியபோதும் அட்டை எழும்பவில்லை. திரையில் பழைய நல்ல எண்ணே இருந்தது. தவச்செல்வனுக்கு அறிவித்தது அவருடைய கால்.

றிஸ்லா நுளம்புவலையை அவிழ்த்தார். தன்னுடைய கணினியை ஸ்கூட்டியின் பின்னிருக்கையில் கட்டி, பாலாவிச் சந்தியால் திரும்பி, காற்றாலைகளைத் தாண்டிப் போய் இறங்கினார். ஆலை முற்றத்தில் கூலர் லொறிகள் நின்றன. கணினியின் முன்னால் தவச்செல்வன் கதிரையைக் குறுக்கே போட்டுக் காவல் இருந்தார். குளிரூட்டி திரும்ப ஓடத் தொடங்கியிருந்தது. ஐஸ் வாங்குவோருக்கான துண்டுச்சீட்டுகளை அவர் கையால் எழுதிக்கொண்டிருந்தார். சிலாபத்திலிருந்து மீன்பிடிப் பருவத்துக்கு வந்து கரையில் வாடிக் குடிசை போட்டிருக்கும் படகுக்காரர் நிக்கொலஸ் சம்மாட்டி வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"எட தவம், பெட்டிக்குக் காவல் நிக்கிறியா, ஐஸ் தாறியா? என்ட மீனிட்ட நான் என்ன சொல்ல? கொஞ்சம் பொறு, மதுரங்குளியில இருந்து ஆள் வருகுது எண்டா?"

"ஆள் வந்திட்டுது, சம்மாட்டி" என்றார் றிஸ்லா. "வெளிச்சத்த மறைக்காமத் தள்ளி நில்லுங்க."

இரண்டு கணினிகளையும் அருகருகே வைத்தார். ஒரே வகை அட்டை, ஒரே பிரதி. வெப்பமானியை மாறி மாறி இரண்டிலும் கொளுவிப் பார்த்தார்கள். ஆலையின் கணினி தூங்கினால் எழும்பவில்லை. அவருடையது எழும்பியது. அழிறப்பரால் பற்களைத் தேய்த்தார். மாற்றமில்லை. பிறகு இரண்டின் வட்டுகளையும் கழற்றி ஒன்றிலிருந்ததை மற்றதில் போட்டார். இப்போது அவருடைய கணினி எழும்பவில்லை. ஆலையினுடையது எழும்பியது.

"சாமான்ல இல்ல" என்றார். "எழுத்தில இருக்கு. என்ட எழுத்தில."

இரண்டு வட்டுகளிலும் இருந்த நிரலை வரிக்கு வரி ஒப்பிடச் சொன்னார். கணினி ஒரே ஒரு வித்தியாசத்தைக் காட்டியது. றிஸ்லாவின் வட்டில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. அட்டை விழித்ததும் அதனிடம் எதையும் கேட்காமல் ஒரு கணம் பொறு என்கிற வரி. அதை எழுதியவர் அவரேதான். போன நோன்பில் தன்னுடைய கணினி இதே மாதிரி மயங்கியபோது, நோன்பு திறக்கும் அவசரத்தில் சேர்த்தது. பெருநாள் கழிய அனுப்புவோம் என்று விட்டது. அனுப்பவில்லை. அதன்பிறகு எந்தப் புதிய பிரதி வந்தாலும், பிரதியை மாற்ற அவர் பாவிக்கும் மென்கருவி, உரிமையாளரின் திருத்தம் என்று அந்த வரியைப் பத்திரமாக எடுத்து மேலே ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத வரி. அதை வைத்துக்கொண்டுதான் பிழையில்லை என்று எழுதியிருந்தார்.

றிஸ்லா அழிறப்பரைக் கைப்பைக்குள் போட்டார். "சிலிக்காரனுக்கு நான் நக்கலா வேற எழுதினன், தம்பி. கம்பிய ஒழுங்காக் கொளுவிப் பாருங்க எண்டு."

வரியைக் குழுவுக்கு அனுப்பினார். ஒவ்வொரு திருத்தத்தோடும் காரணம் எழுதவேண்டும் என்பது அங்கே விதி. ஆங்கிலத்தில் அடித்ததைத் தவச்செல்வனுக்குத் தமிழில் சொன்னார். "முறைப்பட்ட ரெண்டு பேரும் சொன்னது சரி. என்ட மெசின் ஓடினது என்ட மெசின்ல மட்டும் இருந்த வரியால. இந்த வருசம் நான் செஞ்ச பரிசோதன ஒண்டும் கணக்கில்ல."

"அக்கா, கடைசி வசனம் என்னத்துக்கு? திருத்தம் எண்டு மட்டும் போட்டாக் காணாதே? ஆருக்குத் தெரியப்போகுது?"

"ஒருத்தருக்கும் தெரியாதுதான். ஆனா அடுத்த முற நான் சரி எண்டு சொன்னா, அவங்க எத வச்சி நம்புற?"

போலந்துக்காரரின் பதில் குறுகியது. வரி நல்லது, பொதுப் பிரதியில் சேர்த்தாயிற்று. ஆனால் பராமரிப்பாளர் அல்லாத ஒருவர், பொதுப் பிரதியைத் துப்புரவான வட்டில் ஏற்றி, ஓடுகிறது என்று இன்று மாலைக்குள் தன் பெயரில் எழுதவேண்டும். எழுதினால் இயக்கி இருக்கும். இல்லையென்றால் போகும். சிலியில் இன்னும் விடியவில்லை. ருமேனியாக்காரர் வேலைத்தலத்தில் இருந்தார், பழைய கணினி அவர் வீட்டில்.

றிஸ்லா கைப்பையிலிருந்து வெறும் வட்டொன்றை எடுத்து மேசையில் வைத்துவிட்டு எழுந்தார். "தம்பி, இந்தக் கதிரையில இருங்க."

"நானோ? எனக்கு உதுகள் தெரியாதே, அக்கா."

"தெரியாததுதான் நல்லது. என்ட கை பட்டா கணக்கில்ல."

வட்டைக் கொளுவியது தவச்செல்வன். பிரதியை இறக்கியதும் ஏற்றியதும் தவச்செல்வன். இரண்டு விரல்களால், ஒவ்வோர் எழுத்தாகத் தேடி. றிஸ்லா பின்னால் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். இடையில் ஒருமுறை அவருடைய கை தன்பாட்டில் விசைப்பலகைக்கு நீண்டது. அரைவழியில் இழுத்துக்கொண்டு அபாயாவின் மடிப்புக்குள் வைத்தார்.

நிக்கொலஸ் சம்மாட்டி பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன தங்கச்சி, கையில மருதோண்டியா?"

"ஓம் சம்மாட்டி. காயும் வரைக்கும் ஒண்டும் தொடேலா."

ஏற்றி முடிந்தது. குளிரறைக் கதவைப் பூட்டினார்கள். அட்டை தூங்கவேண்டும். அதுவரை ஒன்றும் செய்யக்கூடாது. லொறிக்காரர் ஒருவர் ஐஸ் கேட்டு வந்தபோது நிக்கொலஸ் சம்மாட்டியே அவரை மறித்தார். "பொறு மகன், பெட்டி தூங்குது." றிஸ்லா உள்ளே போய் மதிய லுஹர் தொழுதுவிட்டு வந்து, திரைக்கு முதுகைக் காட்டி, சுவர்ப் பக்கமாகக் கதிரையைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்தார்.

"இப்ப போய்க் கதவத் திறந்திட்டு வாங்க, தம்பி."

தவச்செல்வன் திறந்துவிட்டு ஓடி வந்தார். திரையில் எண் அப்படியே இருந்தது. பிறகு எண் மாறியது. இன்னொரு முறை மாறியது.

"அக்கா! எழும்பிட்டுது!"

"திருப்பிப் பூட்டுங்க. இன்னொருக்கா."

இன்னொருக்காவும் எழும்பியது. அதற்குப் பிறகுதான் எழுதச் சொன்னார். என்ன எழுதுவது என்று தவச்செல்வன் கேட்டார்.

"என்ட வசனம் வேணாம். ஒங்கட கண் கண்டத, ஒங்கட பேரில."

"என்ர இங்கிலீசு பிழையா இருக்குமே."

"இருக்கட்டும். மெசின் சரியா இருந்தாக் காணும்."

வெளியே லொறிகளுக்கு ஐஸ் ஏறத் தொடங்கியது. தவச்செல்வன் விசைப்பலகையில் குனிந்து, எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடி அடித்தார். ஒரு சொல் அடித்தார். அதை அழித்தார். திரும்ப அடித்தார். மாலைக்கு இன்னும் நேரம் இருந்தது. றிஸ்லா சுவரைப் பார்த்தபடி, இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.