இத்தாலிய இசையேட்டுக்குத் தலையாட்டிய கதை

1975, மே மாதம். சிட்னியிலிருந்து ஏறக்குறைய அறுநூறு மைல் ரயிலில் குலுங்கி, காலை ஒன்பது மணிக்கு மெல்பேர்னில் இறங்கினேன். நல்ல குளிர். நண்பர் சபாரத்தினம் காரோடு காத்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே பொறியியலாளர்.

"அண்ணை, கங்காரு பாக்கப் போவமோ?"

"கங்காரு வேண்டாம், பாட்டு இருந்தா காட்டுங்க."

"ஓம், இருக்கு. ஆனா இத்தாலிக்காரற்ற பாட்டு."

பத்தரை மணிக்குக் கார்ல்டன், இத்தாலியர் நிறையக் குடியிருக்கும் பகுதி. லைகன் தெருவில் முப்பது சதத்துக்குக் கடுங்கசப்பாக ஒரு காப்பி குடித்தோம். கும்பகோணத்தில் அதை மருந்து என்று கொடுப்பார்கள். எதிரே இத்தாலியர் கழகம். அதன் மாடியறையில் கூரை வரை அலமாரிகள், அவை நிறைய பழைய ஓபரா இசையேடுகள், அதாவது பாட்டின் ஸ்வரங்களை அச்சடித்த புத்தகங்கள். ஓபரா என்றால் முழுக்கப் பாட்டாலேயே நடக்கும் நாடகம். கப்பலேறி வந்தவர்கள் துணிமணியைக் குறைத்துக்கொண்டு இவற்றைப் பெட்டியில் அடைத்து வந்தார்களாம்.

காப்பாளர் பாவ்லோவுக்கு எழுபது வயதிருக்கும். முகம் வாடியிருந்தது. பதினொரு மணிக்குக் கழகத் தலைவர் வருகிறார்; ஏடுகளை நிலவறைக்கு அனுப்பிவிட்டு இங்கே பில்லியர்ட்ஸ் மேசை போட எண்ணம். நிலவறையிலோ மழைத் தண்ணீர் தேங்கும். ஒரு பாட்டை வாசித்துத் தலைவரின் மனத்தைக் கரைத்துவிடலாம் என்று பாவ்லோ நம்பியிருந்தார். எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது.

என்னைப் பியானோவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, ஏட்டைக் காட்டி வேகமாக ஏதோ சொன்னார். அந்த ஆங்கிலத்தில் 'தலையாட்டும்போது' என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. சரியென்றேன்.

தலைவர் வந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அமர்ந்தார். பாவ்லோ வாசித்தார். முதல் பக்கம் முடியும் இடத்தில் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். வித்வானே ரசிக்கும்போது நாம் சும்மா இருக்கலாமா? நானும் ஆட்டினேன். அவர் ஒரு முறை முறைத்துவிட்டு, அதே பக்கத்தை மேலிருந்து வாசித்தார். நம்மவர்களும் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறவர்கள்தானே என்று எனக்கு ஒரே பூரிப்பு. மறுபடி தலையாட்டினார், இன்னும் பலமாக. "பேஷ்" என்று தொடையில் தாளம் போட்டேன்.

நாலாவது சுற்றில் தலைவர் முணுமுணுத்தார். ஐந்தாவதில் எழுந்து நின்று வாய்விட்டுப் பாடினார். அவருடைய அப்பா சவரம் செய்யும்போது பாடும் பாட்டாம், முதலில் பிடிபடவில்லையாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பில்லியர்ட்ஸ் மேசையே நிலவறைக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

பாவ்லோ சபாரத்தினத்தின் காதில் ஏதோ சொன்னார். சபாரத்தினம் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அண்ணை, அந்தாள் ரசிச்சுத் தலையாட்டேல்லை. பக்கத்தைத் திருப்பச் சொன்னவர்."

தலையாட்டாமல் கேட்பவனை மரம் என்று திட்டும் ஊரிலிருந்து வந்தவன் நான், எனக்கெப்படித் தெரியும்? வெட்கத்தோடு விடைபெற்றேன். பாவ்லோ என் இரு கைகளையும் பற்றிக்கொண்டு, இந்த முறை நிறுத்தி நிதானமாகச் சொன்னார்: "கட்டாயம் இன்னொரு முறை வாருங்கள். இரண்டாம் பக்கம் இதைவிட நன்றாக இருக்கும்."