எல்லோரும் எழுந்ததும் வந்த கரண்ட்

அறுபதுகளின் கடைசியில், அம்மை குத்துவதற்காக வாரம் ஒருமுறை அந்தமானில் போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் தீவுக்குப் போய்வருவேன். ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். எங்களை ஏற்றிச்சென்ற லாஞ்ச் உலகச் சண்டைக்காலத்தில் கட்டிய மோட்டார் படகு, பெட்ரோல் எஞ்சின். அந்த வருடம் மழை ஓய்ந்ததிலிருந்து அது நடுக்கடலில் நிற்கத் தொடங்கியது. விளக்கு, ஹார்ன், எஞ்சின் மூன்றும் ஒரே நொடியில் செத்துவிடும். நாங்கள் பதறி எழுவோம். டிரைவர் எஞ்சின் மூடியைத் திறப்பதற்குள் விளக்கு தானாக எரியும். பட்டனை அழுத்தினால் எஞ்சினும் கிளம்பிவிடும்.

டிரைவர் ராமநாதபுரத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பட்டறையில் பாட்டரியை மாற்றினார்கள், இக்னிஷன் காயிலை மாற்றினார்கள், சாவி சுவிட்சையும் மாற்றினார்கள். கரையில் கட்டிவைத்து ஓட்டினால் அரைநாள் நிற்காமல் ஓடியது. "லாஞ்சுக்கு ஒண்ணுமில்ல, டிரைவருக்குத்தான் பயம்" என்று சொல்லிப் பட்டறை ஃபோர்மேன் அனுப்பிவிட்டார்.

அடுத்த பயணத்தில் ஹேவ்லாக்கை நெருங்கும்போது இரண்டு முறை நின்றது. இரண்டாவது முறை அவர் எஞ்சின் பக்கம் போகவே இல்லை. திரும்பி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு எரிச்சல். "என்னண்ணே, எங்க மூஞ்சில என்ன இருக்கு?"

"இல்ல சிஸ்டர். நின்னதும் எல்லாரும் எந்திரிச்சிர்றீக. எந்திரிச்ச பெறகுதான் கரண்ட் வருது."

ஹேவ்லாக் படகுத்துறை ஜெட்டியில் லாஞ்சைக் கட்டியதும் ஒரு சின்ன பல்பில் ஒயர் கோத்துச் சுவிட்சில் மாட்டினார். பல்பு எரிந்தது. இறங்கப்போனவர்களை நிறுத்தி, "ஜைசே பைட்டே தே, வைசே ஹி பைட்டோ" என்றார். வரும்போது உட்கார்ந்திருந்தபடியே மறுபடி உட்கார வேண்டும். பயணிகள் எல்லாம் வங்காளிக் குடியேறிகள். தகரம், மண்வெட்டி, கோழிக்கூடை சகிதம் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். பல்பு அணையவில்லை. பெரியவர் ஒருவர் அதற்குள் தன் அரிசி மூட்டையை ஜெட்டியில் இறக்கியிருந்தார். "அதுவும் வரணும்" என்று டிரைவரே அதைத் தூக்கிவந்து பின்பெஞ்சில் வைத்தார்.

பல்பு அணைந்தது. நாங்கள் எழுந்தோம், எரிந்தது. மூன்று தடவை உட்காரவைத்து எழுப்பினார்.

நோயாளியை வாய் திறக்கவிடாமல் மருந்து எழுதும் டாக்டர்களோடு வேலை பார்த்தவள் நான். இந்த மனிதரின் பொறுமையில் பாதி அவர்களுக்கு இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்பெஞ்சுக்கு அடியில் பலகையைப் பெயர்த்தார். பாட்டரியிலிருந்து வரும் ஒயரில் அங்கே ஓர் ஒட்டு. டேப்பைப் பிரித்தால் செம்பு பச்சைப்பொடியாக உதிர்ந்தது. இரண்டே இழைகள்தான் தொட்டுக்கொண்டிருந்தன. பாரத்தோடு அலையும் ஆட்டினால் பலகை தாழ்ந்து ஒயரை இழுக்கும், எழுந்தால் விட்டுவிடும். அந்த ஒட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு புது ஒயரைப் பலகைக்கு எட்டாத உயரத்தில், பக்கச்சுவரோடு சேர்த்துக் கட்டினார். திரும்பும் வழியில் ஒருமுறைகூட நிற்கவில்லை.

போர்ட் பிளேரில் ஃபோர்மேன் ஜெட்டியில் நின்றிருந்தார். பழைய ஒயரை வாங்கிப் பார்த்து, "எந்த மடையன் போட்ட ஒட்டுய்யா இது?" என்றார்.

"நான் போட்டதுதான் சார். போன வருசம் ஈயம் வைக்காம முறுக்கி, டேப்ப மட்டும் சுத்துனேன். உப்புத்தண்ணி ஏறிருச்சு."

சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. லாஞ்சைத் தொட்ட கைகள் எத்தனையோ. கண்டுபிடித்த கெட்டிக்காரத்தனத்தைவிட, எல்லார் முன்னாலும் குரல் தாழாமல் அதைச் சொன்னாரே, அதுதான் இன்றைக்கும் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

ஃபோர்மேன் ஒயரைத் திருப்பிக் கொடுத்தார். "நாளைக்கு மத்த ரெண்டு லாஞ்சையும் வந்து பாருய்யா."

"பாக்குறேன் சார். உக்கார ஆளுக மட்டும் வேணும்."

மறுநாள் எனக்கு மதியம்தான் டூட்டி. காலையில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.