ஏத்தியாச்சு என்றது யார்?

விருத்தாசலத்தில் வாஷ்பேசின் சுடும் கம்பெனி ஒன்றில் வைஃபை அடிக்கடி அறுந்தது. வீட்டில் வைஃபை அறுந்தால் ரீல்ஸ் நிற்கும். அங்கே சூளை நிற்கும். சூளையின் சூடு எவ்வளவு என்பது வைஃபை வழியாகத்தான் கன்ட்ரோல் ரூமுக்கு வருகிறது. கொஞ்ச நேரம் வராவிட்டால் பர்னர் தானாக அணைந்துவிடும், உள்ளே இருக்கும் பேசின் அத்தனையும் விரிசல் விடும். அப்படி அமைத்த மகராசன் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்பேன்.

கோளாறு பழைய சாஃப்ட்வேரில். புதிதை ஏற்ற நானும் ஜெசிந்தாவும் போனோம். இருவரும் ஒரே ஆபீஸில் நெட்வொர்க் இன்ஜினியர்கள். அப்போது சூளையில் வெந்துகொண்டிருந்தது ஓனர் காசிநாதனுக்கு முதல் பெரிய ஆர்டர்.

"சூளைய நிறுத்த முடியாதுங்க. இந்த லோடு வெடிச்சுதுன்னா கம்பெனிய பூட்டிட்டு போவ வேண்டியதுதான்" என்றார்.

வழி ஒன்றுதான். வைஃபை பரப்பும் பெட்டிகளான அக்சஸ் பாயின்ட் எல்லாவற்றிலும் புதிய சாஃப்ட்வேரை முன்கூட்டியே ஏற்றிவிட்டு, கடைசியில் அவற்றை ஆட்டிவைக்கும் கன்ட்ரோலரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ஏற்றாத பெட்டி ஒன்று இருந்தாலும் அது கன்ட்ரோலரோடு சேராமல் அடம்பிடிக்கும். அதற்குள் பர்னர் அணைந்துவிடும். சூளை வாசலில் இருந்த பழைய மாடலுக்கு மட்டும் கேபிள் போட்டுக் கையால் ஏற்ற வேண்டியிருந்தது. ஜெசிந்தா லேப்டாப்போடு ஏணியில் ஏறினாள். தகர ஷெட்டுக்குள் செல்போன் எடுக்காது என்பதால் சூளைக்காரர்களின் வாக்கி டாக்கியை ஆளுக்கொன்று வாங்கிக்கொண்டோம். அதில் எல்லோர் பேச்சும் ஒரே லைனில் வரும்.

கன்ட்ரோல் ரூமிலிருந்து, கடைசியும் ஏத்தியாச்சா என்று கேட்டேன். ஆணா பெண்ணா என்று தெரியாத கரகரப்பில் பதில் வந்தது: "ஏத்தியாச்சு, தள்ளலாம்."

எங்கள் தொழிலில் சாஃப்ட்வேரை ஏற்றுவோம், தள்ளுவோம். இதைவிடத் தெளிவாக என்ன வேண்டும்? ரீஸ்டார்ட் பட்டன்மேல் விரலை வைத்தேன்.

"அண்ணே, கைய எடுங்க. அது நான் இல்ல. ட்ராலியில பேசின் ஏத்திட்டு, சூளைக்குள்ள தள்ளலாம்ங்கறாங்க. எனக்கு இன்னும் பாதிகூட ஏறல" என்று வாக்கி டாக்கியில் ஜெசிந்தா கத்தினாள்.

விரலை எடுத்தேன். எரியும் சூளைக்குள்ளேயே ட்ராலி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. காலையில் வந்ததும் அவள் சூளைக்காரர்களோடு டீ குடித்தபடி பேசிக்கொண்டு நின்றாள். வேலைக்கு வந்தியா, அரட்டைக்கு வந்தியா என்று கடுகடுத்தேன், சிரித்தாள். அந்த அரட்டையில்தான் அவர்கள் எதை ஏற்றுகிறார்கள், எதைத் தள்ளுகிறார்கள் என்று பிடித்து வைத்திருக்கிறாள். கில்லாடி!

ஏணியில் நின்றபடியே அவள் எல்லோருக்கும் ஒரு விதி போட்டாள். பேசுகிறவர் முதலில் பேரைச் சொல்லணும், எதை ஏற்றினோம் என்றும் சொல்லணும். சூளை மேஸ்திரி கணேசன் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். எங்கள் வேலை முடியும்வரை ட்ராலியையும் நிறுத்திவைத்தார்.

"ஜெசிந்தா பேசறேன். சூளை வாசல் பெட்டியில சாஃப்ட்வேர் ஏத்தியாச்சு. இப்ப தள்ளுங்க அண்ணே."

ரீஸ்டார்ட் கொடுத்தேன். சூடு காட்டும் எண் திரையிலிருந்து மறைந்தது. என் பக்கத்தில் நின்ற காசிநாதன் கும்பிட்ட கையை இறக்கவேயில்லை. எண் திரும்ப வந்தபோது பர்னர் எரிந்துகொண்டுதான் இருந்தது.

லோடு வெளியே வந்த அன்று எங்களையும் கூப்பிட்டிருந்தார். முதல் பேசினை ஓனர்தான் விரலால் தட்டிப் பார்ப்பது அந்தக் கம்பெனி வழக்கம். கணீரென்றால் நல்லது, மொத்தென்றால் விரிசல். விரலை மடக்கிக்கொண்டு போன காசிநாதன் நின்றார்.

"நீங்க தட்டுங்கம்மா" என்றார் ஜெசிந்தாவிடம்.

அவள் தட்டினாள். கணீரென்றது.

இப்போதெல்லாம் புது இடத்துக்குப் போனால், லேப்டாப்பைத் திறக்குமுன் அங்கிருப்பவர்களோடு நின்று ஒரு டீ குடிக்கிறேன். அரட்டையா அண்ணே என்று ஜெசிந்தா கேட்பாள். ஆமாம் என்பேன்.